பல கைகள் காத்த உயிர்

2002ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி இரவு. இந்தோனேசியாவின் பாலித் தீவில், சுற்றுப்பயணிகள் திரளும் கூத்தா பகுதியில் வெடிகுண்டுகள் வெடித்தன. 202 பேர் மாண்டனர். உயிர் தப்பியவர்களுள் பலர் கடுமையான தீக்காயங்களுக்கு ஆளாயினர். ஆஸ்திரேலிய விமானப்படை அவர்களுள் பலரை டார்வின் நகருக்குக் கொண்டு சென்றது. அங்கு அவசர சிகிச்சை பெற்ற பின்னர், அவர்கள் நாட்டின் பல மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். அவ்வாறு 28 நோயாளிகள் ராயல் பெர்த் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தனர்.

அவர்களுள் ஒருவருக்கு உடலின் 2 விழுக்காட்டுப் பகுதியில்தான் தீக்காயம். மற்றொருவருக்கோ 92 விழுக்காடு. சிகிச்சைக்குத் தலைமை தாங்கியவர், தீக்காய மருத்துவத்தில் தேர்ந்த அறுவை மருத்துவர் பியோனா வுட். எத்துணைத் திறமை வாய்ந்தவராயினும், ஒரு மருத்துவரால் மட்டும் இத்தனை பேரைக் காப்பாற்றிவிட முடியுமா? தீக்காயப் பிரிவு ஒன்று எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

தோல் நம் உடலின் கவசம். அது பெருமளவு வெந்துபோனால், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும், இரத்த அழுத்தம் குறையும், சிறுநீரகங்கள் செயலிழக்கக்கூடும். ஆகவே, இழந்த நீரை ஈடுசெய்வதே முதற்பணி. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலின் பாதி வெந்திருந்தால், முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 14 லிட்டர் நீர்மம் தேவைப்படலாம். அதில் பாதியை, காயம் ஏற்பட்ட நேரத்திலிருந்து 8 மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். குறைந்தால் சிறுநீரகங்கள் பாதிக்கப்படும். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். எனவே, தாதியர் மணிக்கு ஒருமுறை நோயாளியின் சிறுநீரின் அளவைக் குறித்து மருத்துவரிடம் தெரிவிக்கின்றனர். அதைக் கொண்டே மருத்துவர் நீர்மத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கிறார். தாதி எழுதும் அந்த ஓர் எண் தவறினால், மருத்துவரின் முடிவும் தவறிவிடும்.

அடுத்து வருவது அறுவை சிகிச்சை. வெந்த தோலை நீக்கிவிட்டு, உடலின் வேறு பகுதியிலிருந்து எடுத்த தோலை மருத்துவர்கள் ஒட்டுகின்றனர். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை அது சிறிதும் நகரக்கூடாது. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் தாதியர் கவனம் இழந்தால், பல மணி நேர உழைப்பு வீணாகிவிடும். கவசம் இழந்த உடலில் கிருமிகள் எளிதில் புகும். ஆதலால், கட்டிலையும் தரையையும் தூய்மைப்படுத்தும் துப்புரவாளரும் உயிர் காக்கும் பணியையே செய்கிறார்.

காயம் ஆறுவதற்கு உடலுக்கு மிகுதியான ஆற்றலும் புரதமும் தேவை. ஆனால், அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளி உண்ணக்கூடாது. அறுவை சிகிச்சையின் நேரத்தை மருத்துவர்கள் முன்கூட்டியே தெரிவித்தால்தான், உணவியல் நிபுணர் அந்த இழப்பை ஈடுகட்டத் திட்டமிட முடியும். காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி, மூட்டுகளை மடக்கிவிடும். அதைத் தடுக்க, இயன்முறை சிகிச்சையாளர் நோயாளியின் கைகால்களை அசைத்துப் பயிற்சி அளிக்கிறார். அப்போது வலி உயிர் போவதுபோல் இருக்கும். அவர் வருவதற்கு முன்பே தாதி வலி நிவாரணி கொடுத்திருந்தால்தான் நோயாளியால் பயிற்சியைத் தாங்க முடியும். இவற்றோடு, மாறிப்போன தம் முகத்தைக் கண்ணாடியில் காண அஞ்சும் நோயாளிக்கு மனநல ஆலோசகரின் துணையும் வேண்டும்.

பெர்த்தில் சேர்க்கப்பட்ட நோயாளிகளுள் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். 2005ஆம் ஆண்டில் பியோனா வுட், ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயாளியின் தோல் உயிரணுக்களைக் காயத்தின் மீது தெளிக்கும் முறைக்காகவும் அவர் அறியப்படுகிறார். அந்த முறையைக்கூட அவர் தனியாக உருவாக்கவில்லை. மேரி ஸ்டோனர் என்னும் அறிவியலாளர் அவருடன் இணைந்து உழைத்தார்.

தேரில் பெரிய சக்கரங்களும் உண்டு; சிறிய அச்சாணியும் உண்டு. அச்சாணி கழன்றால் தேர் நகராது. தீக்காயப் பிரிவிலும் அப்படித்தான். அறுவைக் கத்தி பிடிக்கும் கை, எண்ணைக் குறிக்கும் கை, தரையைத் துடைக்கும் கை ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஓர் உயிரைத் தாங்கிப் பிடிக்கின்றன.