கன்றும் அதன் வயிறும்

இளமைக்குத் தனிப்பெயர் இடுவது தமிழ் மரபு. உயிர்களுக்கு உரிய இளமைப் பெயர்கள் ஒன்பதனைத் தொல்காப்பியர் மரபியலில் தொகுத்துக் கூறினார். கன்று என்பது அவற்றுள் ஒன்று. கன்று சிறிய பசு அன்று. அதன் உடல் தொழிற்படும் முறையே வேறு. இவ்வுண்மையை உயிரியல் இன்று தெளிவாக்கியுள்ளது.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கால்நடை வளர்ப்பு பழந்தொழில். ஓசூரை அடுத்த மத்திகிரியில் உள்ள அரசுக் கால்நடைப் பண்ணை 1824-ஆம் ஆண்டில் தோன்றியது. இம்மாவட்டத்தின் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள சிங்காரப்பேட்டைப் பக்கத்திலும் கறவை மாடு வளர்ப்போர் உளர். விடியலில் பால் கறக்கும்போது, கன்றுக்கு எவ்வளவு விடுவது என்னும் வினா அவர்தம் மனத்தில் எழும். பாலை விற்றுவிட்டுக் கன்றுக்குக் கஞ்சி வார்த்தால் போதாதோ எனச் சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் தகுமா?

உண்ட உணவைச் சிதைத்து, உடலிற் சேரும்படி செய்வன நொதிகள். ஒரு பூட்டின் திறவுகோல் மற்றொன்றைத் திறவாது. அதுபோல ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளிலேயே வினைபுரியும். அந்நொதிகளின் அளவு வயதாலும் உணவாலும் மாறும்.

பசுவின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. பிறந்த கன்றில் நான்காம் அறையே பெரியது. குடித்த பால் நேரே அங்குச் செல்லும். அங்குச் சுரக்கும் கைமோசின் என்னும் நொதி பாலை உறையச் செய்யும். உறைந்த பால் சிறிது சிறிதாகச் செரித்துக் குடலுக்கு இறங்கும். குடலில் லாக்டேஸ் என்னும் நொதி பாற்சர்க்கரையைப் பிரிக்கும். ஆனால் மாவுப்பொருளைப் பிரிக்கும் அமைலேஸ் அவ்வயதில் மிகக் குறைவு. கரும்புச் சர்க்கரையைப் பிரிக்கும் நொதியோ கன்றின் குடலில் இல்லை. ஆகவே கஞ்சியும் வெல்லநீரும் செரியாமல் பெருங்குடலை அடைந்து புளிக்கும், கழிச்சல் உண்டாகும். உடலின் நீர் வற்றிக் கன்று இறத்தலும் கூடும். மிச்சப்படுத்திய பாலின் விலையினும் இழந்த கன்றின் விலை பெரிதன்றோ!

நாள் செல்லச் செல்லக் கைமோசினும் லாக்டேசும் குறையும். பெப்சினும் அமைலேசும் பெருகும். உணவுக்கும் இதிற் பங்கு உண்டு. பாலே குடித்து வரும் கன்றில் கைமோசின் நெடுநாள் சுரக்கும். இரண்டாம் வாரமுதல் இளம்புல்லும் அடர்தீவனமும் சிறிது சிறிதாகக் கொடுத்தால், முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் பெருகும், அவ்வறையும் வளரும். புல்லின் நாரைச் சிதைக்கும் நொதிகளைத் தருவன அந்நுண்ணுயிர்களே. இரண்டு மூன்று திங்களில் கன்று நன்கு அசைபோட்டுத் தீவனத்தால் வாழும் நிலையை எய்தும்.

மக்களிடத்தும் இம்மாற்றம் உண்டு. குழந்தைக்கு இனிதாகச் செரிக்கும் பால் பெரியவர் பலருக்கு வயிற்றுப்பொருமல் தருகிறது. லாக்டேஸ் குறைவே அதற்குக் காரணம். பாற்சர்க்கரையின் ஒரு பகுதி தயிரில் முன்னமே சிதைந்திருத்தலின், அவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மாணவர்களே! ஈன்ற சில மணி நேரத்துள் கன்றுக்குச் சீம்பால் ஊட்டவேண்டும். நோயை எதிர்க்கும் பொருள்கள் குடல்வழி உடலுட் புகுவது ஏறத்தாழ முதல் நாளோடு நின்றுவிடும். பின்னர்ப் பாலும், அதன்பின் தீவனமும் முறையே தருக. நும் வீட்டுக் கொட்டிலில் கன்று கதறுமாயின், அதன் வயிறு எதனைச் செரிக்க வல்லது என்பதை எண்ணிப் பார்த்து ஊட்டுவீராக.