வலி போகட்டும் என்று காத்திருந்தேன்



இந்த மாதப் பாடத்தை என் முழங்காலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஏழு வருஷமாய் எனக்கு மூட்டுத் தேய்மானம். ஜெபத்தில் எல்லாரும் முழங்கால்படியிடும்போது நான் மட்டும் நாற்காலியில் இருப்பேன். "வலி போகட்டும், அப்புறம் நடக்கலாம்" என்று ஒரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். வலி போகவில்லை, தொடைதான் மெலிந்தது. கடைசியில் பாத்ரூம் போகவும் மகள் கை கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அழுதேன்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபி சகோதரி, "வலி போனப்புறம்தான் நடப்பேன்னா, நீங்க நடக்கவே மாட்டீங்கம்மா" என்றார். அவரிடம் நான் கற்ற மூன்று காரியங்கள்:

1. வலி எல்லாம் புதுக் காயம் அல்ல.
மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள். மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டு அசைந்தால்தான் உள்ளே இருக்கும் திரவம் அதற்கு ஊட்டம் கொடுக்கும். தொடைத் தசை பலப்பட்டால் மூட்டுக்குத் தாங்கல் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியிலும் உடற்பயிற்சி உண்டு.

2. நல்ல நாளில் அளவு மீறாதிருங்கள்.
ஒருநாள் வலி குறைவாயிருந்ததென்று ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர் வரை நடந்தேன். மூன்று நாள் படுக்கை! அதன்பின் கடிகாரம் சொன்னபடி கேட்டேன். காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம். வாரத்துக்கு ஒரு நிமிஷம் கூட்டினேன். மறுநாளும் வலி தணியாவிட்டால் அளவைக் குறைத்தேன்.

3. கெட்ட நாளில் அடியோடு விடாதிருங்கள்.
நடக்க முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராய் நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குவேன். ஒவ்வொரு காலுக்கும் பத்து தடவை. அதுவும் பயிற்சிதான்.

2021-ல் நம் மாநில சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன், 2004-ல் விபத்தில் முழங்காலில் பலத்த அடிபட்டவர். பின்னாளில் அவர் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடினார். அவரைப்போல நாமும் ஓட வேண்டும் என்பதல்ல. விடாமல் செய்ததைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிப்பு: மூட்டு திடீரென வீங்கிச் சூடானாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாவிட்டாலோ பயிற்சியை நிறுத்தி உடனே டாக்டரிடம் போங்கள். வேறு வியாதி உள்ளவர்கள் கேட்டபின் ஆரம்பியுங்கள்.

இப்போது ஒரு வேளைக்கு இருபது நிமிஷம் நடக்கிறேன். வலி இன்னும் இருக்கிறது. ஜெபத்தில் இன்னும் நாற்காலிதான். ஆனால் மகள் கை இல்லாமல் நானே அந்த நாற்காலிக்கு நடந்து வருகிறேன்.

உங்களால் எத்தனை நிமிஷம் முடியும்? இரண்டு நிமிஷமானாலும் சரி, இன்றைக்கே காலண்டரில் குறித்துவிட்டு எழுந்திருங்கள்.