மூன்று வருஷம் ஓட்டிவிட்டால் போதுமா?

"சுகர், பிரஷர் எதையும் ஃபார்மில் எழுதாதீங்க சார். மூணு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் கம்பெனியால ஒண்ணும் கேட்க முடியாது. சட்டமே இருக்கு."

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள் சொல்கிறார்கள். பனகல் பூங்கா பெஞ்சிலும் இதே பேச்சு. அடையாறு காந்தி நகரில் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்குப் போனால் அங்கே பந்தியிலும் இதே உபதேசம். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் நானும் ஆமாம் போடுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். போட மாட்டேன். ஐம்பதைத் தாண்டி முதல் தடவையாக ஆயுள் காப்பீடு எடுக்கலாமா என்று யோசிப்பவருக்கு இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது.

சட்டம் இருப்பது உண்மைதான். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-வது பிரிவு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் முடிந்த பாலிசியை எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் கேள்விக்குள்ளாக்க முடியாது. பூங்காக்காரர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் வாட்ஸ்அப் தயவில். அதே பிரிவின் மற்ற வரிகளை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

மூன்று வருடத்துக்குள் பாலிசிதாரர் இறந்துவிட்டால் என்ன ஆகும்? கிளெய்ம் பிரிவில் அதற்கு 'ஏர்லி கிளெய்ம்' என்று பெயர். அப்படிப்பட்ட ஃபைல் நேராக விசாரணைக்குத்தான் போகும். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட், முன்பு வாங்கிய மெடிக்ளெய்ம், ஆபீஸில் போட்ட மெடிக்கல் லீவு என்று ஒன்றுவிடாமல் தோண்டுவார்கள். ரொம்பத் தோண்டவும் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பத்தியிலேயே 'பத்து வருடமாகச் சர்க்கரை நோய்' என்று டாக்டர் எழுதியிருப்பார். அட்மிஷன் சமயத்தில் அதை அவரிடம் சொன்னது பெரும்பாலும் கூட வந்த மனைவிதான்.

மோசடி என்று முடிவானால் கட்டிய பிரீமியம்கூடத் திரும்பாது. மோசடி இல்லை, முக்கியமான தகவல் தவறு என்றால் பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தருவார்கள்; காப்பீட்டுத் தொகை கிடையாது. இவற்றைவிடக் கொடுமையான வரி ஒன்று உண்டு. பாலிசிதாரர் உயிரோடு இல்லாதபோது, மோசடி நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை அந்தப் பிரிவு பணம் பெற வேண்டியவர் தலையில் கட்டுகிறது. அதாவது உங்கள் மனைவி தலையில். பூங்காவில் நீங்கள் எடுத்த முடிவுக்கு அவர் சாட்சி தேடி அலைய வேண்டும்.

முப்பது வயதுக்காரர் மூன்று வருடத்தை ஓட்டிவிடுவார். 58 வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அந்த மூன்று வருடமும்தான் ஆபத்தே. ஆபத்துக்கு உதவாத காப்பீட்டை எதற்காக வாங்குகிறீர்கள்?

அந்த மூன்று வருடமும் ஒரே தடவையோடு முடிந்துவிடாது. பிரீமியம் கட்டத் தவறிப் பாலிசி லாப்ஸ் ஆகி, மறுபடி ரிவைவல் செய்தால், அந்தத் தேதியிலிருந்து கணக்கு புதிதாக ஓடத் தொடங்கும். அப்போது உடல்நிலை பற்றி இன்னொரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். ஒரு பொய்க்குக் காலம் கடந்தது என்று நினைத்தவர் இரண்டாவது பொய்யை எழுதித் தருவார்.

மறைப்பதும் அத்தனை லேசில்லை. இந்த வயதில் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல், ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு லேபுக்குப் போகிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். ஹெச்பிஏ1சி என்ற சோதனை சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும். நவராத்திரிச் சுண்டலோடு சாப்பிட்ட மைசூர்பாகும் அதில் கணக்கு.

எதற்கு மறைக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நம் ஊர் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. சர்க்கரை என்றதும் கதவைச் சாத்துவதாக இருந்தால் நிறுவனங்கள் சென்னையில் கடை விரிக்கவே முடியாது. கட்டுக்குள் இருந்தால் 'ஹெல்த் எக்ஸ்ட்ரா' போட்டுப் பிரீமியத்தைக் கூட்டிக் கேட்பார்கள். ரொம்ப மோசமாக இருந்தால் மறுப்பார்கள். மறுக்கட்டுமே! பிரீமியத் தொகை உங்கள் கையிலேயே இருக்கும்.

"நான் எழுதலை சார், ஏஜென்ட்தான் நிரப்பினார்" என்பது அடுத்த சமாதானம். ரிலையன்ஸ் லைஃப் தொடுத்த மேல்முறையீட்டில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர், படிக்காமல் போட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அந்த வழக்கில் மறைக்கப்பட்டது நோய்கூட இல்லை, வேறொரு பாலிசி.

மற்ற புரளிகளுக்கு இத்தனை மூச்சு வேண்டாம். அறுபதுக்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்பது தவறு. 65 வயது வரை சேரக்கூடிய டேர்ம் பாலிசிகள் பல இருக்கின்றன, விலைதான் கசக்கும். வங்கியில் வருடம் 436 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் 2 லட்ச ரூபாய்த் திட்டத்தில் எந்த வயதிலும் சேரலாம் என்பதும் தவறு. 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், 55-இல் முடிந்துவிடும். செப்டம்பர் 2025 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் உடனே வாங்குங்கள் என்று ஒரு புது கோஷம். வரி போனதால் தேவை வந்துவிடுமா?

வங்கி மேனேஜர் அறையில் காபி கொடுத்துச் சொல்லப்படுவது கொஞ்சம் விஷமமானது. 'ஒரே தடவை கட்டுங்கள், முதிர்வில் வரியே இல்லை' என்பார்கள். ஏப்ரல் 2012-க்குப் பின் எடுத்த பாலிசிகளில் வருடப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் முதிர்வுத் தொகையின் லாபத்துக்கு வரி உண்டு. 8 லட்சம் கட்டி 10 லட்சம் காப்பீடு பெறும் ஒற்றைப் பிரீமியம் பாலிசி இதில் எங்கே நிற்கும் என்று நீங்களே பாருங்கள். ஓய்வுக்காலப் பணத்துக்குப் பாதுகாப்பும் வட்டியும்தான் வேண்டுமென்றால் கச்சேரி ரோடு தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது, ஒருவருக்கு 30 லட்சம் வரை.

அரசுப் பென்ஷன், மனைவிக்குக் குடும்பப் பென்ஷன், கடனில்லாத வீடு, வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் என்று இருப்பவருக்கு 60 வயதில் ஆயுள் காப்பீடு அநாவசியம். மெடிக்ளெய்மைச் சரிபார்த்தால் போதும். தி.நகரில் கடை வைத்து வங்கிக் கடன் வாங்கியிருப்பவர், கடைசிப் பிள்ளை இன்னும் கல்லூரியில் படிக்கிறவர், தனக்குப் பின்னும் பராமரிப்பு வேண்டிய மகனோ மகளோ உள்ளவர், இவர்கள் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டு.

எடுத்தால் பாலிசி பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். அதோடு உங்கள் விண்ணப்பத்தின் நகலும் வரும். உடல்நிலைக் கேள்விகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் ரத்து செய்யலாம். நியாயமில்லாமல் கிளெய்மை மறுத்தால், முதலில் நிறுவனத்துக்கு முறையீடு எழுதிவிட்டு, தேனாம்பேட்டை அண்ணா சாலையில் இருக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் குடும்பத்தினர் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை; 50 லட்சம் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. உண்மையை எழுதியவர் குடும்பம்தான் அந்தப் படியில் தைரியமாக ஏற முடியும்.

விண்ணப்பத்தைத் தமிழில் கேளுங்கள் என்று நான் வெகு நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலப் படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, 'இங்கே இங்கே கையெழுத்து' என்று நீட்டுகிற வழக்கம் இருக்கும்வரை இந்தத் தகராறுகள் ஓயாது. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படிக்க வேண்டும். உங்கள் மாத்திரைப் பெயர்கள் அவருக்குத்தான் சரியாகத் தெரியும். தமிழ்ப் படிவம் இல்லை என்று சொன்னால், இல்லை என்பதை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், பீரோவைத் திறந்து தேடுவார்கள்.