தமிழ் பேசினால் காது அடைக்குமா?

"வீட்டுல தமிழ் பேசுறதை நிறுத்துங்க. அப்புறம் பாருங்க, இங்கிலீஷ் கேட்டல் தேர்வுல பிள்ளை எப்படி மார்க் வாங்குதுன்னு." கேமரன் மலையில் இதைக் கேட்காமல் ஒரு வாரம் போவதில்லை. தானா ராத்தா கடைத்தெருவில் சொல்கிறார்கள், ரிங்லெட் கல்யாண வீட்டில் சொல்கிறார்கள், டியூசன் வாத்தியார் பெற்றோரை உட்காரவைத்துச் சொல்கிறார். அதை நம்பி, தோட்டத்து லயங்களில் அப்பாவும் அம்மாவும் பிள்ளையிடம் "கம், ஈட்", "கோ, பாத்" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைக்குச் சிரிப்பு வருகிறது. பாட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

படிவம் ஐந்து மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருவதே என் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: இது வெறும் வதந்தி. 1929-இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலந்தொட்டு இந்த மலையில் பேசிவந்த மொழியை, 30 கேள்வி உள்ள ஒரு தாளுக்காக நிறுத்தச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் எத்தனை பேர் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்?

பார்க்காதவர்களுக்காக: படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், 2021 தேர்வு முதல் ஆங்கிலப் பாடத்துக்கு (1119) நான்கு தாள்கள். வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். நான்குக்கும் ஒரே எடை. கேட்டல் தாளுக்கு 40 நிமிடம். முதல் ஏழு கேள்விகள் சின்னச் சின்ன உரையாடல்கள், அடுத்த எட்டு கொஞ்சம் நீளமானவை. பிறகு ஐந்து பேர் பேசுவார்கள். யார் என்ன சொன்னார் என்று பொருத்த வேண்டும். கடைசிப் பத்து, கேட்டுக்கொண்டே கோடிட்ட இடத்தை நிரப்புவது. ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை ஒலிக்கும். வாசிப்புத் தாளில் 40 கேள்விகள், ஒன்றரை மணி நேரம். எடை சமம் என்பதால், கேட்டலில் ஒரு கேள்வி தவறினால் வாசிப்பில் தவறுவதைவிட நஷ்டம் அதிகம். ஆகவே பெற்றோரின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பயத்துக்குக் கொடுக்கும் மருந்தைத்தான் சொல்கிறேன்.

தமிழின் மேல் வைக்கும் குற்றச்சாட்டு என்ன? தமிழில் ஒரு வல்லினத்தின் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் 'பன்றி'யைக் குறிக்கும் சொல்லுக்கும் 'பெரிய' என்பதைக் குறிக்கும் சொல்லுக்கும் முதல் ஒலி வேறு. தமிழ்க் காதுக்கு அது பிடிபடாது என்பது. எழுத்தைப் பொறுத்தவரை உண்மைதான், அந்த இரண்டையும் இந்தப் பத்தியில் பிரித்துக்காட்ட எனக்கே வழியில்லை. ஆனால் காது எழுத்தைப் பார்த்தா கேட்கிறது? நம் பிள்ளை காலையில் பள்ளிப் பேருந்தில் ஏறியதிலிருந்து மலாய் பேசுகிறது. மலாயில் 'காலை'க்கும் 'கொடு'வுக்கும் இதே ஒலி வேற்றுமைதான். 'நடனம்' என்ற சொல்லும் '-இலிருந்து' என்ற சொல்லும் முதல் ஒலியில் மட்டுமே பிரிகின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்ளும் பதினேழு வயதுத் தோட்டத்துப் பிள்ளையை யாராவது காட்டுங்கள். ஆறு வயதிலேயே தீர்ந்துபோன சிக்கல் அது. போதாததற்கு ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் கேட்கப் பழகிய காது. (பிரித்துச் சொல்கிறார்களா என்பது வேறு விஷயம். அதைத் தமிழ் வாத்தியார்கள் பார்த்துக்கொள்ளட்டும்.)

மாணவர்கள் உண்மையில் தடுமாறும் இடம் வேறு. ஆங்கிலம் பேசுகிறவர் எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் கொடுப்பதில்லை. முக்கியமான சொல்லில் ஏறி நிற்பார், சின்னச் சொற்களை விழுங்கிவிடுவார். 'முடியும்' என்று சொல்லும்போது 'கேன்' பாதி 'கன்' ஆகிக் காணாமல் போகும்; 'முடியாது' என்றால் 'கான்ட்' தடித்து விழும். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் பிரித்துத் தருவது பெரும்பாலும் அழுத்தம் விழும் இடம்தான். கோடிட்ட இடத்தில் 13-க்குப் பதில் 30 எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தமிழ் அசைக்கு அசை ஏறக்குறைய சமமாக நடக்கிற மொழி. மலாயும் அப்படித்தான். மலாய் வீட்டுப் பிள்ளைக்கும் இதே இடத்தில் இதே இடறல்தான். பிறகு தமிழை மட்டும் கூண்டில் ஏற்றுவானேன்?

இன்னொன்று. அம்மா தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். "கம், ஈட்" என்பதில் அந்த ஏற்ற இறக்கம் இருக்கிறதா? தமிழ் நடையில் நடக்கிற ஆங்கிலம் அது. அதைப் பத்து வருஷம் கேட்டாலும் காதுக்கு வேண்டிய பயிற்சி கிடைக்காது. கிடைக்காததோடு கையில் இருந்ததும் போகும். அம்மா தமிழில் சொல்லியிருக்கக்கூடிய ஊர்க்கதை, காரண காரியம், சண்டை, சமாதானம், குத்தல், கிண்டல் எல்லாம் இருபது ஆங்கிலச் சொற்களுக்குள் சுருங்கிப்போகும். கேட்டல் தாள் ஒலியை மட்டும் சோதிக்கவில்லை. பேசுகிறவர் ஏன் அப்படிச் சொன்னார், அவருக்கு அதில் சம்மதமா, வருத்தமா என்றும் கேட்கிறது. "ம்ம், போயிட்டு வாங்க" என்று பாட்டி சொல்லும்போது அதில் சம்மதம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று அளக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வேலை பாதி தெரியும். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே இதை எழுதிவிட்டார்: முதல் மொழியில் ஆழமாக வளரும் படிப்புத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும், ஒன்றை வெட்டி மற்றொன்றை வளர்க்க முடியாது. நம் டியூசன் நிலையங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

"அப்படியானால் கோலாலம்பூர் பிள்ளைகள் எப்படி ஏ வாங்குகிறார்கள்?" என்பார்கள். அவர்கள் காதில் ஆங்கிலம் அதிக நேரம் விழுகிறது. அதுதான் காரணம், அது மட்டும்தான். கூட்ட வேண்டியது ஆங்கிலத்தை. தமிழைக் கழிக்கச் சொல்லும் கணக்கு எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் இந்த மலையில் இல்லாமலும் இல்லை. சுங்கை பாலாஸ் தேயிலை நிலையத்துக்கு எந்தெந்த நாட்டு ஆட்களோ வருகிறார்கள். கீ ஃபார்ம் சந்தையில் வார இறுதியில் ஸ்ட்ராபெரி விற்கும் நம் பிள்ளைகள், சிங்கப்பூர்க்காரரின் ஆங்கிலத்தையும் ஐரோப்பியரின் ஆங்கிலத்தையும் ஒரே மணி நேரத்தில் கேட்கிறார்கள். விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளாமல், எங்கிருந்து வந்தீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டால் அதுவே பயிற்சி. சந்தை வேலை இல்லாதவர்களுக்கு வானொலியில் டிராக்ஸ் எஃப்.எம். இருக்கிறது. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி காசில்லாமல் கிடைக்கிறது, பேசியதன் எழுத்து வடிவமும் கூடவே. சிக்னல் வரும் இடத்தில் இறக்கிவைத்துக்கொண்டால் லயத்தில் படுத்துக்கொண்டே கேட்கலாம்.

கேட்கும் முறை முக்கியம். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் முழுவதும் கேள். இரண்டாவது தடவை யார் என்ன சொன்னார் என்று குறித்துக்கொள். மூன்றாவது தடவை எழுத்தை வைத்துக்கொண்டு கேட்டு, எந்த இடத்தில் தவறவிட்டாய் என்று கோடு போடு. அந்த வரியை அவர் அழுத்திய இடத்தில் அழுத்தி, விழுங்கிய இடத்தில் விழுங்கி, சத்தமாகச் சொல்லிப் பார். வாயால் விழுங்கப் பழகிய சொல்லைக் காது தவறவிடாது. ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும். வாரக் கடைசியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து பயிற்சித்தாளை நிரப்புவதால் ஒன்றும் நடக்காது. அதிலும் ஒலியே இல்லாத கேட்டல் வகுப்பு இந்த மலையில் நடக்கிறது: வாத்தியார் கேள்வித்தாளைத் தானே வாசித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்கிறார்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பதிவில் ஒருவர் "செவ்வாய் சந்திக்கலாமா?" என்பார். மற்றவர் "அன்று எனக்குப் பந்துப் பயிற்சி, வியாழன் வைத்துக்கொள்வோம்" என்பார். விடைப்பட்டியலில் செவ்வாயும் இருக்கும், வியாழனும் இருக்கும். முதலில் காதில் விழுந்ததை வட்டமிடும் பிள்ளை அங்கேயே ஒரு மதிப்பெண்ணை இழக்கும். இதற்குக் காரணம் அவசரம். வீட்டில் எந்த மொழி பேசினாலும் அவசரம் அவசரம்தான். முதல் ஒலிப்பில் குறி, இரண்டாவது ஒலிப்பில் முடிவு செய் என்று பழக்கினால் தீரும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு தேவையில்லை.

நம்பிக்கை: ஆங்கிலப் பாட்டை ஓடவிட்டுக்கொண்டே இருந்தால் காது பழகும். பாட்டில் அழுத்தம் மெட்டுக்காக இழுபடுகிறது, பேச்சில் விழும் இடத்தில் விழுவதில்லை. சந்தோஷத்துக்குக் கேளுங்கள், தேர்வுக்கு என்று சொல்லிக்கொண்டு வேண்டாம்.

நம்பிக்கை: படத்துக்குக் கீழே எழுத்து ஓடினால் காது சோம்பேறியாகிவிடும். எந்த மொழி எழுத்து என்பதைப் பொறுத்தது. மிட்டரர், மெக்குவீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியப் பேச்சு வரும் படங்களைக் காட்டி 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு பிடிபட்டது. தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அது இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஆங்கிலப் படமா, மலாய் எழுத்தை நிறுத்திவிட்டு ஆங்கில எழுத்தை ஓடவிடுங்கள்.

நம்பிக்கை: சொல்பட்டியலை மனப்பாடம் செய்தால் வாசிப்புத் தாள் வசமாகும். அந்தத் தாளின் நான்காம் பகுதியை எடுத்துப் பாருங்கள். ஒரு பத்தியிலிருந்து ஆறு வாக்கியங்களை உருவிவிட்டு, எட்டைக் கொடுத்து எது எங்கே என்று கேட்கிறார்கள். தெரியாத சொல் அதில் அதிகம் இருக்காது. 'அவர்கள்' என்றால் யார், 'ஆனாலும்' என்றால் எதற்கு எதிராக என்று பின்தொடரத் தெரிய வேண்டும். பட்டியல் அதைச் சொல்லித்தராது.

நம்பிக்கை: அண்ணன் விட்டுப்போன பயிற்சிநூல் போதும். அண்ணன் 2021-க்கு முன் எழுதியிருந்தால் அதில் சுருக்கம் எழுதுவதும் நாவல் கேள்வியும் இருக்கும், கேட்டல் இருக்காது. பழைய தாள் கடையில் போடுங்கள்.

நம்பிக்கை: ஆங்கிலத்தில் தோற்றால் சான்றிதழே கிடையாது. சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேற வேண்டும், 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். ஆங்கிலத்தையும் 2016 முதல் சேர்ப்பதாக இருந்தது, 2015-இலேயே தள்ளிவைத்துவிட்டார்கள். இதைக் கேட்டுப் புத்தகத்தை மூடிவைக்கிறவனிடம் எனக்குப் பேச்சில்லை.

கடைசியாக, யாரும் கேட்காத ஒரு விஷயம். ஃபிஜியிலும் நம்மைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன இந்தியர்களின் வம்சம் இருக்கிறது. அங்கே கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் ஒரு சோதனை நடத்தி 1983-இல் வெளியிட்டார்கள். வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பிள்ளைகள் வாசித்தார்கள், ஆசிரியர் வாசித்துக் காட்டினார். முதல் வருஷ முடிவில் வாசிப்பில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வளர்ச்சி. கேட்டலிலும் அதே இரண்டு மடங்கு. வீட்டு மொழியை யாரும் மாற்றச் சொல்லவில்லை. புத்தகம்தான் காதையும் திறந்தது.

நம் தோட்டங்களில் புத்தகம் எங்கே இருக்கிறது? கோயில் மண்டபம் இருக்கிறது. திருவிழாவுக்குத் திருவிழா ஒலிபெருக்கிக்கும் வண்ண விளக்குக்கும் ஆகும் செலவில் ஓர் அலமாரி நிறையக் கதைப் புத்தகம் வாங்கலாம். நான் இதைச் சொல்லாத கூட்டமில்லை. அடுத்த வருஷம் பார்ப்போம் என்கிறார்கள், அடுத்த வருஷம் ஒலிபெருக்கி இன்னும் பெரிதாகிறது. பிள்ளை நான்காம் ஆண்டு படிக்கும்போதே அலமாரி வந்துவிட வேண்டும். படிவம் ஐந்தில் வந்து என்னிடம் அழுது பயனில்லை. புத்தகங்களில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். எளிய நடைக் கதைகள், துப்பறியும் கதைகள், பந்து விளையாட்டு, பேய்க்கதை, பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ அது. பயிற்சிநூல் ஒன்றுகூட வேண்டாம். சாவியைக் கோயில் செயலாளரிடம் கொடுக்காதீர்கள், பிள்ளைகளிடமே இருக்கட்டும்.