குறி தவறும் இடம்

பல்லுறுப்புக் கோவைகளைச் சரியாகக் கூட்டும் பிள்ளைகள் கழித்தலில் தடுமாறுவதை ஒன்பதாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது. அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள கழித்தல் குறி முதல் உறுப்பை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடுகிறது.

மாறியை அ என்று கொள்வோம். (5அ² + 3அ − 4) − (2அ² − 6அ + 1) என்ற கணக்குக்கு 3அ² − 3அ − 3 என்று விடை வந்தால், அந்தப் பிள்ளை 2அ²-ஐ மட்டும் கழித்திருக்கிறது. சரியான விடை 3அ² + 9அ − 5.

"எல்லாக் குறியையும் மாற்று" என்று விதி சொல்வதற்கு முன், 20 − (8 − 3) என்று கரும்பலகையில் எழுதுங்கள். அடைப்புக்குள் இருப்பது 5. ஆகவே விடை 15. அடைப்பை நீக்கி 20 − 8 என்று தொடங்கினால், கழிக்க வேண்டியதைவிட 3 கூடுதலாகக் கழித்துவிட்டோம். அந்த 3-ஐத் திருப்பிக் கூட்டினால்தான் 15 கிடைக்கும். குறி ஏன் மாறுகிறது என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போனாலும் பரவாயில்லை. அதன்பின், கழிக்க வேண்டிய கோவையின் கூட்டல் நேர்மாறைத் தனி வரியில் எழுதவைத்து, கூட்டலாகவே முடிக்கச் சொல்லுங்கள். அந்த வரியைத் தாண்டிச் செல்ல அவசரப்படுத்த வேண்டாம்.

ஒத்த உறுப்புகளைச் சொல்லித்தரும்போது "3 மாம்பழமும் 2 மாம்பழமும்" என்று தொடங்குவதை நான் ஏற்பதில்லை. எழுத்து என்பது பொருள் என்று பதிந்துவிட்டால், அது ஓர் எண்ணுக்குப் பதிலாக நிற்கிறது என்பதைப் பிறகு புரியவைப்பது கடினம். 3அ + 2அ² = 5அ³ என்று எழுதும் பிள்ளையிடம் அ-க்கு 2 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் 14, வலப்பக்கம் 40. வேறு விளக்கம் தேவைப்படாது.

செங்குத்தாக எழுதிச் செய்வதற்குக் கட்டம் போட்ட நோட்டு நல்லது. 4அ³ − 7அ + 2 என்பதை 4அ³ + 0அ² − 7அ + 2 என்று எழுதினால் ஒவ்வொரு படியும் தன் நிரலில் நிற்கும். எண்களைக் கூட்டும் பழக்கத்தில் சிலர் 7அ + 8அ = 15அ என்பதில் 1-ஐ அடுத்த நிரலுக்கு ஏற்றிவிடுவார்கள். அ-இன் மதிப்பு 10 என்று யாரும் சொல்லவில்லையே என்று கேளுங்கள். எண் எழுதப்படாத அ²-இன் கெழு 1 என்பதையும் நினைவூட்டுங்கள்.

விடையைச் சரிபார்க்க 0, 1 இரண்டும் போதாது. 0 போட்டால் மாறிலி மட்டும் மிஞ்சும். 1 போட்டால் அ-வும் அ²-உம் ஒன்றாகிவிடும். 2 போடச் சொல்லுங்கள். மேலே உள்ள கணக்கில் முதல் கோவை 22, இரண்டாவது −3, வித்தியாசம் 25. சரியான விடையும் 25 தருகிறது. தவறான விடையோ 3 தருகிறது. தேர்வில் இதற்கு அரை நிமிடம் போதும்.