அச்சுக்குப் போகும் கடைச் சின்னம்: வெள்ளை வேறு, வெறுமை வேறு

தராசும் படிக்கல்லும் இருந்தால் மளிகைக் கடை நடத்திவிடலாம் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், பருப்பு, ரவை என்று பலவற்றையும் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கிறோம். கடைக்கென்று ஒரு சின்னம் வரையச் செய்து, அதைப் பவுச்சிலும், பையிலும், பில்லிலும், பெயர்ப் பலகையிலும் போடுகிறோம்.

ராஜகுளத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், சின்னத்தைக் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டரில் வரையச் சொல்லி, பவுச்சைச் சிவகாசியில் அச்சடிக்கக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் அழகாகத் தெரிந்த சின்னம், அச்சாகி வரும்போது சுற்றிலும் வெள்ளைக் கட்டத்தோடு வருகிறது. அல்லது எழுத்துக்குப் போட்ட நிழல் கறுப்புத் திட்டாகி நிற்கிறது. வரைந்தவர் அச்சகத்தாரைக் கை காட்டுவார். அச்சகத்தார் வரைந்தவரைக் கை காட்டுவார். பணம் கொடுத்தவர் நடுவில் நிற்பார். சிலிண்டர் முறையில் பவுச் அச்சடிக்க ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி சிலிண்டர் செதுக்க வேண்டும். செதுக்கிய பிறகு திருத்தம் என்றால் மறுபடியும் செலவுதான்.

இப்படிப்பட்ட தொல்லைகள் பலவற்றுக்குக் காரணம், படத்தில் உள்ள ‘ஊடுருவித் தெரியும்’ பகுதிகளை ஒரு ஃபைல் வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கவனிக்காமல் விடுவதே. வரைவது நம் வேலையல்ல. ஆனால் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டுப் படமும் புள்ளிப் படமும்

கம்ப்யூட்டர் படங்கள் இரு வகை. கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றில் வரைவது கோட்டுப் படம். இங்கிருந்து அங்கே இப்படி வளைந்து செல், இந்த நிறம் பூசு என்ற குறிப்புகளாக அது சேமிக்கப்படுகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. மற்றது புள்ளிப் படம். கேமராவில் எடுக்கும் போட்டோ இவ்வகை. பெரிதாக்கினால் புள்ளிகள் பல்லிளிக்கும். சின்னம் எப்போதும் கோட்டுப் படமாகவே நம்மிடம் இருக்க வேண்டும்.

ஊடுருவல் எப்படி வேலை செய்கிறது

எழுத்தின் கீழ் 40 சதவீத அடர்த்தியில் ஒரு கறுப்பு நிழல் இருப்பதாகக் கொள்வோம். அங்கே 40 பங்கு கறுப்பும் 60 பங்கு அடியில் உள்ள நிறமும் சேர்ந்து தெரியும். அடியில் வெள்ளை இருந்தால் நிழல் சாம்பலாகும். மஞ்சள் இருந்தால் கடுகு நிறமாகும். அதாவது நிழலுக்கென்று சொந்த நிறம் கிடையாது. அடியில் உள்ளதைப் பொறுத்தே அது அமைகிறது. வெள்ளைத் திரையில் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையில் அச்சடித்தால் ஏமாற்றம் வருவது இதனால்தான்.

எந்த ஃபைல் எதைத் தாங்கும்

1984-இல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியில், பின்னால் பூசியது முன்னால் பூசியதை மறைத்துவிடும். அரைகுறையாக ஊடுருவுவது என்பதே இல்லை. அதை அடிப்படையாகக் கொண்ட இ.பி.எஸ். ஃபைலும் அப்படியே. பி.டி.எஃப். வகையில் 1.3 பதிப்பு வரை இந்த வசதி இல்லை. 2001-இல் வந்த 1.4 பதிப்பில்தான் கிடைத்தது.

ஜேபெக் ஃபைலில் ஊடுருவல் அறவே கிடையாது. வெற்றிடமெல்லாம் ஏதாவது ஒரு நிறத்தால் நிரப்பப்படும், பெரும்பாலும் வெள்ளை. சின்னத்தைச் சுற்றி வரும் வெள்ளைக் கட்டம் இதுவே. ஜிஃப் வகையின் 1989 பதிப்பில் ஒரு புள்ளி முழுதும் தெரியும், அல்லது முழுதும் மறையும்; நடுத்தரம் இல்லை. அதனால் விளிம்பு ரம்பப் பல் போலாகும். 1996-இல் வந்த பி.என்.ஜி. வகையில் ஒவ்வொரு புள்ளிக்கும் பொதுவாக 256 படிகளில் ஊடுருவலைக் குறிக்கலாம். ஆனால் அது புள்ளிப் படம். எஸ்.வி.ஜி. கோட்டுப் படம், ஊடுருவலையும் தாங்கும். ஆயினும் அது இணையதளத்துக்கு ஏற்ற அளவுக்கு அச்சகத்துக்கு ஏற்றதல்ல.

கலந்த அரிசியைப் பிரிக்க முடியாது

ஊடுருவலைத் தாங்காத ஃபைலாக மாற்றும்போது கம்ப்யூட்டர் ‘தட்டையாக்குகிறது’. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்களைத் துண்டு துண்டாக வெட்டி, கலந்த நிறத்தைக் கணக்கிட்டுப் பூசிவிடும். இதில் மூன்று சங்கடங்கள் வரலாம். துண்டுகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரியலாம். நிழலை ஒட்டிய சிறு எழுத்துகள் புள்ளிப் படமாகி மங்கலாம். தனியாகக் கலந்த மை என்று குறித்த நிறம், சாதாரண நான்கு நிறக் கலப்பாக மாறிவிடலாம்.

பச்சரிசியையும் புழுங்கலரிசியையும் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியுமா? தட்டையாக்கிய படமும் அப்படித்தான். ஆகவே மூல ஃபைலைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகல் ஒன்றையே தட்டையாக்கச் சொல்ல வேண்டும்.

வெள்ளை வேறு, வெறுமை வேறு

மளிகைக்காரர்கள் முக்கியமாக அறிய வேண்டியது இது. வெள்ளைத் திரையில், வெள்ளை பூசிய இடமும் ஒன்றுமே பூசாத இடமும் ஒன்றுபோலத் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் அச்சடித்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் பொருள் தெரியும் பிளாஸ்டிக் உறையில் அச்சடிக்கும்போது, வெள்ளை மைக்கென்று தனி சிலிண்டர் வேண்டும். அது இல்லையென்றால் ‘வெள்ளை’ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் உள்ளே இருக்கும் மிளகாய்த் தூள்தான் தெரியும். வெள்ளை எழுத்துக்கு ‘ஓவர் பிரிண்ட்’ என்ற குறி தவறிப் போடப்பட்டிருந்தால் அது அச்சில் காணாமலே போகும்.

இதில் அழகு மட்டும் போவதில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள்படி நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொட்டலமிட்டவர் பெயர், முகவரி முதலியன தெளிவாகத் தெரிய வேண்டும். சைவ உணவுக்கான பச்சைச் சதுரமும் அதனுள் பச்சை வட்டமும் எடுப்பாகத் தெரியும் பின்னணியில் இருக்க வேண்டும். 14 இலக்க உணவு உரிம எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். இவற்றுக்கும் பார்கோடுக்கும் அடியில் வெள்ளை பூசி, நிழல், ஊடுருவல் எதுவும் சேர்க்காமல் விடுவதே நல்லது.

எங்கே எதைக் கொடுப்பது

பவுச், லேபிள்: அச்சகத்தாரையே முதலில் கேளுங்கள். பி.டி.எஃப்.-எக்ஸ் 1ஏ கேட்டால் தட்டையாக்கிக் கொடுக்க வேண்டும். எக்ஸ் 4 கேட்டால் ஊடுருவலோடு கொடுக்கலாம். தமிழ் எழுத்துகளை ‘கர்வ்’ ஆக மாற்றிய நகலையே அனுப்புங்கள். அந்த எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் பெயரே உருமாறிவிடும்.

பெயர்ப் பலகை: புள்ளிப் படமாகக் கேட்டால், கையில் பிடித்துப் பார்க்கும் லேபிளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். தூரத்தில் நின்று பார்க்கும் 10 அடிப் பலகைக்கு 72 போதும். 120 அங்குலத்துக்கு 8,640 புள்ளிகள்.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம்: அதற்குக் கோடு மட்டுமே புரியும். நிழலும் மங்கலும் இல்லாத, ஒரே நிறச் சின்னம் கொடுங்கள்.

பில் இயந்திரம்: வெப்பத்தால் கறுப்புப் புள்ளி வைப்பதே அதன் வேலை, சாம்பல் நிறம் கிடையாது. இதற்கும் ஒரே நிறச் சின்னமே ஏற்றது.

வாட்ஸ்அப்: போட்டோவாக அனுப்பினால் ஜேபெக் ஆகி, வெள்ளைக் கட்டம் ஒட்டிக்கொள்ளும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கையெழுத்துப் போடுமுன்

வரைந்தவரிடம் காசு கொடுக்கும்போதே மூல ஃபைல், தட்டையாக்கிய பி.டி.எஃப்., பின்னணியில்லாத பி.என்.ஜி., ஒரே நிறச் சின்னம் ஆகிய நான்கையும் கேட்டு வாங்கிவிடுங்கள். சின்னத்தை வெள்ளை, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று பின்னணியிலும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறைந்திருக்கும் கட்டம் அப்போதே வெளிப்படும். அச்சகத்தாரிடம், வெள்ளை மைக்கு எந்தெந்த இடம் என்பதைத் தனியாக அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாதிரியைச் சரக்கு நிரப்பிய உறை மேல் வைத்துப் பார்த்த பிறகே சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்.

மூட்டை இறக்கும்போது எடை பார்த்து வாங்குகிறோம். கடையின் பெயரைத் தாங்கி வரும் ஃபைலையும் அப்படியே சோதித்து வாங்குவோம்.