உப்பும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும்

புதுக்கோட்டை ஜில்லாவின் கீழ்ப்புறத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்கள் கடலையொட்டி இருக்கின்றன. கடலுக்கு அருகில் வசித்துக் கடலுப்பை உண்போர்க்கு அயோடின் குறைவு ஏது என்று பலர் எண்ணுகின்றனர். இது பிசகான எண்ணம். கடல்நீரில் அயோடின் உண்டெனினும், அளத்தில் விளையும் உப்பில் அது மிகச் சொற்பமே தங்குகிறது. கடல் மீனில் ஓரளவு உண்டு. அதுவும் தினந்தோறும் மீன் கிட்டாத உள்நாட்டுக் குடியானவருக்குப் பயன்படாது.

தேகத்துக்கு வேண்டிய அளவோ அற்பம். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறே மைக்ரோகிராம். கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி இதைக்கொண்டே தன் சுரப்புநீரை உண்டாக்குகிறது. அயோடின் போதாவிடில் சுரப்பி வீங்கிக் கழலையாகும். கழலை கண்ணுக்குத் தெரிவதால் ஜனங்கள் அதற்கு அஞ்சுவர். தெரியாத கேடே அதனினும் பெரிது. கருவிலுள்ள சிசு முதல் சில மாதங்கள் தாயின் சுரப்புநீரையே நம்பியிருக்கிறது. அப்போது குறைவு மிகுந்தால் குழந்தை செவிடாகவோ, ஊமையாகவோ, குள்ளமாகவோ, புத்தி மந்தமாகவோ ஆகக்கூடும். குறைவு சிறிதாயினும் படிப்பில் பின்தங்கலாம். உபாத்தியாயரின் பிரம்பு இதற்கு மருந்தாகாது; கருவில் நேர்ந்த சேதத்தைப் பிற்பாடு முற்றும் திருத்தவும் இயலாது.

தடுப்பதோ எளிது. 1956-ல் இமயமலைச் சாரலிலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவரது சகாக்களும் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கிப் பரீட்சித்தனர். அயோடின் உப்பை உண்ட இடங்களில் சில ஆண்டுகளுக்குள் பள்ளிச் சிறுவரிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. 2006 முதல், அயோடின் சேராத உப்பை மனித ஆகாரத்துக்கென விற்பது சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது.

அப்படியிருந்தும், 2018-19-ல் எடுத்த அகில இந்தியக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 62 குடும்பங்களே போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகித்தன. மாநிலங்களுள் இதுவே கடைசி. உப்பளங்கள் மலிந்த நாட்டில் சாக்கில் வரும் சாதாக் கல்லுப்பு சுலபமாகக் கிடைப்பது இதற்கு ஒரு காரணம் எனலாம்.

நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றமையால், இவ்விஷயம் சங்க அங்கத்தினரின் கைக்குள் இருப்பதேயாம். அயோடின் உப்பு தீராமல் இருப்பில் உள்ளதா என்று மகாசபையில் கேட்பது அவர்களது உரிமை. உற்பத்தியில் பத்து லட்சம் பங்குக்கு 30 பங்கும், விற்பனையில் 15 பங்கும் அயோடின் இருத்தல் வேண்டும். ஈரமும் வெயிலும் அதைக் குறைக்குமாதலால், மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்கலாகாது. வீட்டிலும் உப்பைக் கழுவாமல், மூடியுள்ள ஜாடியில் அடுப்புக்கு எட்ட வைத்து, சமையல் முடியுந் தறுவாயில் சேர்ப்பது நலம். ஐயமெழுந்தால், கஞ்சிப்பசை கலந்த சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டை உப்பின்மீது விட்டுப் பார்க்கலாம். அயோடின் இருந்தால் உப்பு நீலமாகும்.